சில்லென்றிருந்த ஹீட் சிங்க்

மரகதம் டீச்சரின் சோதனை காதில் தொடங்காது, கையில் தொடங்கும்.

யார் ஆம்பிளிஃபயர் செய்து கொண்டுவந்தாலும் மூன்று மணி நேரம் அதைப் பாடவிடுவார். பிறகு பின்பக்கத்து ஹீட் சிங்கின்மேல் உள்ளங்கையை வைப்பார். பெட்டிக்குள் உழைக்கும் டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியத் துண்டு அது. தேறிவிட்டால், பெட்டியின் அடியில் ஒரு ஆணியால் செய்தவர் பெயரைக் கீறுவார். திருச்சி பாலக்கரையில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு வந்து கற்றவர்களுக்கு அந்தக் கீறல்தான் பட்டம்.

டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. மூத்த சீடர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு, பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன். டீச்சர் அவரை அண்ணே என்பார், அவர் டீச்சரை டீச்சர் என்பார். ஆறு வருஷமாக இதில் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் பெனாசிர் வந்த பிறகுதான். தையல் கடை வைத்திருப்பவள். மெஷின் மோட்டாரைத் தானே பழுது பார்க்கப்போய், அந்த ருசி பிடித்து இங்கே வந்தவள். எட்டு மாதத்தில் இரண்டு பெட்டி செய்தாள், இரண்டிலும் அவள் பெயர் ஏறியது. சவரிமுத்துவுக்கோ முதல் கீறல் கிடைக்கவே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாவது பெயர் ஏறிய அன்று டீச்சர் அவரிடம் கேட்டார்.

"வருத்தமாண்ணே?"

"சேச்சே. எனக்கென்ன டீச்சர் வருத்தம்? தங்கச்சி நல்லா செய்யுது. சந்தோஷந்தான்."

அன்று வீட்டுக்குப் போய் மனுஷன் சாப்பிடவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று மனைவிமேல் எரிந்து விழுந்தார். ரசத்தில் உப்பு இருந்தது.

அடுத்த மாதம் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றிலிருந்து ஆள் வந்தது. பாடங்களை ஒலிபரப்ப ஒரு ஆம்பிளிஃபயர் வேண்டும். டீச்சர் இரண்டு பேரையும் செய்யச் சொன்னார். தேறுகிற பெட்டி பள்ளிக்குப் போகும்.

சவரிமுத்துவின் பெயர் இதுவரை ஏறிய பெட்டிகள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் முடங்கிக் கிடந்தன. இது நூறு பிள்ளைகள் கேட்கப்போகிற பெட்டி. டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

"ஹீட் சிங்க் எவ்வளவு பெருசா எடுக்கலாம் டீச்சர்?"

"சூடு எவ்வளவோ அவ்வளவு."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. பெனாசிரின் மேஜையை எட்டிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வைத்திருந்தாள். அவர் அளவுகோலை எடுக்கவில்லை, கணக்கும் போடவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய் அதைப்போல மூன்று மடங்கு இருக்கிற ஒன்றைத் தேடி எடுத்தார். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, காயவைத்து, மறுபடி அடித்தார். பளபளவென்று வந்தது. பார்க்கிறவர் வாயைப் பிளக்க வேண்டும், முக்கியமாக அந்தத் தையல்காரி.

டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வைக்க மெல்லிய மைக்காத் தகடும், சூடு தடையில்லாமல் கடக்கத் தடவுகிற வெள்ளைப் பேஸ்ட்டும் டீச்சர் கொடுத்திருந்தார். ஒரே ஒரு டியூப். "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க" என்றார். மைக்காவும் டியூபும் பெனாசிரின் மேஜையில் இருந்தன.

சவரிமுத்து நாலு நாள் அந்த மேஜையைக் கடந்து போனார், வந்தார். நாலு நாளும் சிரித்தார். "கடை எப்படிம்மா போகுது?" என்று விசாரித்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவளிடம் போய்க் கை நீட்டுவதா? வீட்டில் செத்துக் கிடந்த இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த மைக்காவை வெட்டி வைத்துக்கொண்டார். தடிமனான மைக்கா. பேஸ்ட் இல்லாமலே முடுக்கினார். ஹீட் சிங்க்தான் இவ்வளவு பெரிசாயிற்றே.

சோதனை சனிக்கிழமை காலை. இரண்டு பெட்டியும் மூன்று மணி நேரம் பாடின. கடைசி அரை மணியில் சவரிமுத்துவின் பெட்டி லேசாகக் கரகரத்தது. ரெக்கார்டு பழசு என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டீச்சர் பெனாசிரின் ஹீட் சிங்கில் கை வைத்தார். நல்ல சூடு. இருபது எண்ணும்வரை வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்தார்.

சவரிமுத்துவின் ஹீட் சிங்கில் வைத்தார். எடுக்கவே இல்லை.

"இளஞ்சூடுகூட இல்லையேண்ணே."

"சில்லுனு இருக்கு டீச்சர்." அவர் பெனாசிரை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு குஷி அவருக்கு வந்ததில்லை.

டீச்சர் ஸ்விட்சை அணைத்தார். "மூடியைக் கழட்டுங்க."

கழற்றினார்.

"டிரான்சிஸ்டரைத் தொடுங்க."

விரலை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டு வாயில் வைத்தார். விரல் நுனி பொரிந்துவிட்டது.

டீச்சர் நிதானமாகத் திருகாணிகளைக் கழற்றினார். தடித்த மைக்கா விழுந்தது. அதன் கீழே பெயிண்ட், சுரண்டாமல் அப்படியே இருந்தது.

"பேஸ்ட் எங்கண்ணே?"

"தங்கச்சி மேஜையில இருந்துச்சு."

"கேக்கலையா?"

அவர் பொரிந்த விரலை ஊதிக்கொண்டார்.

பெனாசிர் எழுந்துபோய் டியூபைக் கொண்டுவந்தாள். நடுவில் சிவப்பு நூல் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. நூலுக்கு ஒரு பக்கம் சப்பையாக இருந்தது, மறுபக்கம் நிறைந்திருந்தது.

"இது உங்க பங்குண்ணே. கலந்துடக் கூடாதுன்னு கட்டி வெச்சேன். நாலு நாளா வந்து வந்து பேசுனீங்களா, இப்பக் கேப்பீங்க, அப்பக் கேப்பீங்கன்னு பாத்தேன்."

அவர் அதை வாங்கிக்கொண்டார். அவளைத் திட்ட ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடினார். கிடைக்காதது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

டீச்சர் பெனாசிரின் பெட்டியைக் கவிழ்த்து ஆணியால் அவள் பெயரைக் கீறினார். பள்ளி ஆட்டோ வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெனாசிர் படியிறங்கிப் போனாள்.

மேலே இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். சவரிமுத்து அந்தப் பெரிய கறுப்பு ஹீட் சிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதும் அது சில்லென்றுதான் இருந்தது.

"டீச்சர், உள்ள அப்படி வெந்துருக்கு. மூணு மணி நேரம் வெளிய ஒண்ணுமே தெரியலையே. எப்படி டீச்சர்?"

டீச்சர் ஆணியைத் துடைத்து டப்பாவில் போட்டார்.

"போன மாசம் வருத்தமான்னு கேட்டேனே, அப்ப நீங்களும் வெளிய சில்லுனுதாண்ணே இருந்தீங்க."