நீர்நாய் மேல் வந்த புகார்

இந்தக் கதை எனக்கு நேராக வரவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஒருத்திக்கு அவள் சித்தப்பா சொன்னது. அவள் எனக்குச் சொன்னாள். நடுவில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. கேட்டபடி சொல்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால், நெடுவாறு ஓடிய நாட்டைக் கொற்றவேலர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் அவர் நாக்குக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் சட்டம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் வாளை மீன் குழம்பு இல்லை. "ஆற்றில் வாளையே இல்லை, மகாராஜா" என்றார் சமையற்காரர். ராஜா கைகூடக் கழுவாமல் ஆணை போட்டார். கரையிலுள்ள நான்கு ஊரும் கூடி ஆற்றைக் காக்க வேண்டும். ஆற்றின் ஆழமான நடு மடுவில் யாரும் வலை போடக் கூடாது. கள்ளிப்பால் கலந்து மீன் பிடிக்கக் கூடாது. மூன்று வருஷம் கழித்து என்ன முன்னேற்றம் என்று பார்ப்பேன்.

நான்கு ஊருக்கும் ஒன்றையொன்று ஆகாது. யார் தலைமை என்பதிலேயே அடிதடி. கடைசியில், எந்த ஊரிலும் சேராமல் ஆற்றின் மேலேயே பிழைத்துவந்த பரிசல்காரி வெள்ளச்சியை ராஜா காவலுக்கு வைத்தார். அதற்குள் அவருக்கு வாளை மறந்து கத்தரிக்காயில் ஆசை வந்துவிட்டது. அது வேறு கதை.

அரண்மனையில் அளகேசர் என்று ஒரு பிரதானி. ஊர்களிலிருந்து வரும் புகார் ஓலைகளை வாங்கிக் கட்டிவைப்பது அவர் வேலை. நடு மடுவைத் தமக்குக் குத்தகையாகக் கேட்டுக் காத்திருந்தவர். அது ஒரு பரிசல்காரியின் காவலுக்குப் போனது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

மூன்று வருஷம் முடிந்த நாளில் சபை கூடியது. அளகேசர் ஆள் வைத்து ஓலைக் கட்டுகளைச் சுமந்து வந்து இறக்கினார்.

"மகாராஜா, முதல் வருஷம் ஒரு கட்டுப் புகார். மறு வருஷம் இரண்டு. இந்த வருஷம் ஐந்து. காவல் வளர வளரப் புகாரும் வளர்கிறது. அடியேன் சொல்ல வேறென்ன இருக்கிறது?"

ராஜாவின் முகம் சிவந்தது. "வெள்ளச்சி, இதற்கு என்ன சொல்கிறாய்? பதில் சரியில்லையென்றால் நான்கு ஊர்க் கூட்டு இன்றோடு கலைந்தது. மடு அளகேசருக்கு. நீ இந்த ஆற்றில் பரிசலும் விடக் கூடாது."

வெள்ளச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் புகார் கொடுக்கப் போன எல்லாரும் அவள் பரிசலில்தான் அரண்மனை இருக்கும் அக்கரைக்குப் போனார்கள். வழியெல்லாம் புலம்பிக்கொண்டேதான் போனார்கள். கட்டுக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். பிரதானிக்குத் தெரியுமா? முடிச்சுகளைப் பார்த்தாள். ஒன்றையும் அவிழ்த்த மாதிரி இல்லை.

"கட்டு பெரிசாத்தான் இருக்கு, ராஜா. உள்ளே இருக்கிறது நிசமா பொய்யா, யாரு கண்டா?"

அளகேசர் சீறினார். "கேட்டீர்களா மகாராஜா? துடுப்புப் போடுகிற கை என் வார்த்தையை உரசிப் பார்க்கிறது. ஒவ்வோர் ஓலையையும் நானே படித்தேன். ஓர் எழுத்தும் பொய்யில்லை. இதோ, முத்திரை வைக்கிறேன்." ஒவ்வொரு கட்டின் மேலும் அரக்கு உருக்கி மோதிரத்தை அழுத்தினார்.

"அப்போ படிக்கச் சொல்லுங்க, ராஜா. முதல் வருஷக் கட்டு முதல்ல."

சபை எழுத்தர் பிரித்தார். "மேலக்கரையார் எங்கள் வலையை அறுத்தார்கள். கீழத்துறையார் கள்ளிப்பால் கலந்து எங்கள் மீனைக் கொன்றார்கள்." கடைசி ஓலை வரை இதே பாட்டு, ஓர் ஊர் மேல் இன்னோர் ஊர்.

"சரி, இந்த வருஷத்துக் கட்டு."

"நீர்நாய்க் கூட்டம் எங்கள் வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிட்டது." அடுத்த ஓலை. "நீர்நாய் ஏழு. குட்டிகளோடு." அதற்கடுத்தது. "வாளை இழுத்த இழுப்பில் தூண்டில் கயிறு அறுந்து கை எரிகிறது." இன்னொன்று. "நாணலில் நாரை குஞ்சு பொரித்து ஓயாமல் இரைகிறது. கைக்குழந்தை தூங்கவில்லை."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"எல்லாம் கட்டுக்கதை, மகாராஜா," என்றார் அளகேசர். "இந்த ஆற்றில் நீர்நாயைக் கண்டு இருபது வருஷமாகிறது."

"ஓர் எழுத்தும் பொய்யில்லைன்னு முத்திரை வெச்சது யாருங்க, பிரதானி?"

அளகேசர் மோதிரக் கையை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார்.

ராஜா முன்னால் சாய்ந்தார். "இருபது வருஷமாக இல்லாதது வந்திருக்கிறது. அப்படித்தானே?"

"மீனில்லாத ஆத்துக்கு அது எதுக்கு வரும், ராஜா? இல்லாத திருடன் மேல யாரும் பிராது கொடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு. இந்த அஞ்சு கட்டுல ஓர் ஊர் இன்னோர் ஊர் மேல கொடுத்தது ஒண்ணாச்சும் இருக்கான்னு தேடச் சொல்லுங்க."

எழுத்தர் தேடினார். வெள்ளச்சி ஓலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசலில் காதில் விழுந்ததை மட்டும் நம்பித்தான் இதைச் சொல்லியிருந்தாள். ஒரே ஓர் ஓலை அகப்பட்டாலும் போச்சு.

எழுத்தர் நிமிர்ந்தார். "ஒன்றும் இல்லை, மகாராஜா. பல ஓலைகளில் நான்கு ஊர்த் தலைவர்களின் கையெழுத்துக் கீறலும் சேர்ந்தே இருக்கிறது."

"ஒரே பரிசல்ல உட்காராத சனம், ராஜா. ஊருக்கு ஒரு நடை, நாலு நடை ஓட்டுவேன். இப்போ ஒண்ணா ஏறி, ஒண்ணா நீர்நாயைத் திட்டிக்கிட்டுப் போறாங்க. எனக்குத்தான் நாலு சவாரி ஒண்ணாப் போச்சு."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "கேள், வெள்ளச்சி. பொன்னா, நிலமா?"

"நூல் வேணும், ராஜா. அந்தப் பிராதும் நிசம்தானே? கிழிஞ்ச வலை கிழிஞ்சதுதான். அரண்மனை நூல் கொடுத்தா நீர்நாய் மேல யாரும் கல்லெறிய மாட்டாங்க."

நடு மடு என்றைக்கும் நான்கு ஊருக்கும் பொது என்று அன்றே பட்டயம் எழுதப்பட்டது. வெள்ளச்சி கேட்ட நூலோடு ஒரு பட்டுச் சேலையும், பத்துப் பேர் ஏறக்கூடிய புதுப் பரிசலும் வந்தன. அளகேசருக்கும் ஒரு வேலை கிடைத்தது: கிழிந்த வலை ஒவ்வொன்றையும் கரைக்கே போய்ப் பார்த்து, தம் கையால் நூல் அளந்து கொடுப்பது. "ஒவ்வோர் ஓலையையும் நீரே படிப்பவராயிற்றே" என்றார் ராஜா.

அன்று சாயங்காலம், சபைக்கு வந்திருந்த நான்கு ஊராரும் புதுப் பரிசலில் நெருக்கியடித்து ஏறினார்கள். நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றவர் அளகேசர்.

நீர்நாய் வலையைக் கிழிக்குமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். கிழிக்கும். காவிரியில் நீர்நாய் வாழும் இடங்களில் மீன் பிடிப்பவர்கள் இன்றைக்கும் சொல்கிற குறைகளில் அதுவும் ஒன்று.