கிழக்குச் சுவர்

வக்கீல் உமையாளைவிட அவருடைய ஜூனியருக்கு வயது அதிகம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம், வேலையில் இருக்கும்போதே படித்து வைத்த சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தென்காசியில் உமையாளிடம் தொழில் கற்க வந்தார். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதுக் கட்சிக்காரர்கள் குழம்புவார்கள். காபி வாங்கி வர யார் எழுந்து போகிறார் என்று பார்த்ததும் தெளிந்துவிடுவார்கள்.

ஒருநாள் தேவசகாயம் கேட்டார்.

"சொந்தம், சொந்தம்னு தினமும் எழுதுறோம் மேடம். ஒரு வீடு ஒருத்தருக்குச் சொந்தம்னா அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"இசக்கியம்மா ஃபைலைப் பார்த்துட்டீங்களா?"

பார்த்துவிட்டார். இசக்கியம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாள் முதல் வாடகை வீடுகளில் இருந்தவர். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார்கள். அவருடைய கல்யாணப் போட்டோ இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. இப்போது மேலத்தெருவில் கோமதிநாயகத்தின் வீட்டை வாங்கப் போகிறார். முதல்முறை வந்தபோதே சொல்லிவிட்டார், யாரையும் கேட்காமல் ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும், அதற்காகத்தான் இந்த வீடு என்று.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாமே சுத்தம். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பங்கு கேட்க ஆள் இல்லை. வாங்கலாம் என்று தேவசகாயம் கருத்துரையே எழுதி வைத்திருந்தார்.

உமையாள் அதைப் படித்துப் பார்த்தார்.

"கிழக்குச் சுவர் எவ்வளவு கனம் சார்?"

தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நீளமும் அகலமும் அளந்திருந்தார். கிழக்குச் சுவரை ஒட்டியே அடுத்த வீடு. ஒரு பக்கம் நின்றுகொண்டு சுவரின் கனத்தை எப்படி அளப்பது?

"அப்போ அந்தப் பக்கமும் போயிட்டு வாங்க. வந்ததும் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

அந்தப் பக்கம் இருப்பவர் சண்முகவடிவு. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். கோமதிநாயகம் அவருடன் பேச்சை விட்டு வெகுகாலம் ஆயிற்று. கிழக்குப் பக்கம் யார் என்று விசாரித்தபோது, "மனுசங்க இல்லை" என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

தேவசகாயம் தயங்கித் தயங்கித்தான் அந்த வாசலில் போய் நின்றார். சண்முகவடிவு யோசிக்கவே இல்லை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, சுவரைக் காட்டினார்.

தேவசகாயம் அண்ணாந்து பார்த்தார். இந்த வீட்டு உத்திரங்கள் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தன. கோமதிநாயகத்தின் வீட்டில் பார்த்த உத்திரங்களும் இதே சுவரில்தான் உட்கார்ந்திருந்தன. சுவர் ஒன்றுதான்.

"அவங்க தாத்தாவும் என் மாமனாரோட அப்பாவும் கூடப்பொறந்தவங்க அண்ணாச்சி. ஒரே வீட்டை நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொதுன்னு வாய்ப்பேச்சு. எழுதி வைக்கலை."

சண்டை எதனால் என்று கேட்டார். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்முகவடிவின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் கோமதிநாயகம் அந்தப் பக்கம் அலமாரி மாட்டியிருக்கிறார். சுத்தியல் அடித்த அடியில், இந்தப் பக்கம் சம்பந்தி வீட்டாரின் பஜ்ஜித் தட்டில் காரை விழுந்தது. சொல்லிவிட்டு அடிக்கக் கூடாதா என்று சண்முகவடிவு கேட்கப் போனார். என் சுவரில் அடிக்க உன்னை என்ன கேட்பது என்றார் கோமதிநாயகம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சம்பந்தம் முடிஞ்சுட்டு. பேத்தியே எட்டாப்பு படிக்கா."

தேவசகாயம் வந்து சொன்னதை உமையாள் கேட்டுக்கொண்டார். பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: கிழக்குச் சுவர் இரு வீட்டாருக்கும் பொது. அதற்குச் சம்மதமாகச் சண்முகவடிவும் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் கோமதிநாயகம் வந்து குதித்தார். சுவர் தன் அப்பன் பாட்டன் சுவர் என்றார். அந்த வீட்டுப் பாட்டனும் இவர் பாட்டனும் கூடப்பிறந்தவர்கள்தானே என்று தேவசகாயம் மெதுவாகச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பெயர் பத்திரத்தில் ஏறினால் தன் கையெழுத்து ஏறாது என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி உடுப்போடு உட்கார்ந்திருந்தார். டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வீடு கைக்கு வந்து நழுவுகிற முகம்.

தேவசகாயத்துக்கு மனசு பொறுக்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டால்தான் என்ன என்றார். பழைய பத்திரத்தில் இல்லை. பட்டாவில் இல்லை. கடன் கொடுக்கும் பாங்கிலும் கேட்கவில்லை. பதிவு நடந்துவிடும்.

"நடந்துரும்," என்றார் உமையாள். "வாங்குறது அவங்க. அவங்கதான் சொல்லணும்."

இசக்கியம்மாள் கைப்பையின் வாரைத் திருகினார்.

"வரி இல்லாட்டியும் சுவர் பொதுதானேம்மா?"

"பொதுதான். ஆனா நீங்க முதல் ஆணி அடிக்கிற வரைக்கும் அது வெளியே தெரியாது."

"வாடகை வீட்டுலயும் ஆணி அடிக்கக் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். சொந்தமா வாங்கியும் இன்னொருத்தரைக் கேட்டுத்தான் அடிக்கணும். அப்புறம் என்னம்மா சொந்தம்?"

தேவசகாயம் நிமிர்ந்தார். அது அவர் கேள்வி.

உமையாள் வரைவுப் பத்திரத்தை இசக்கியம்மாள் பக்கம் தள்ளினார்.

"வாடகை வீட்டுல நீங்க மட்டும் கேட்டீங்க. இங்க அவங்களும் உங்களைக் கேட்டுத்தான் அடிக்கணும்."

இசக்கியம்மாள் அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவர் குரல் உள்ளே கேட்டது.

"அந்த வரி இருந்தா வாங்குதேன் அண்ணாச்சி. இல்லைன்னா எனக்கு வேண்டாம்."

கோமதிநாயகம் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

உமையாள் அடுத்த ஃபைலைப் பிரித்தார். "சார், ஏதோ கேட்டீங்களே அன்னைக்கு?"

தேவசகாயம் எழுந்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார்.