சுழிகளை மட்டும் எண்ணும் காது

முன்னொரு காலத்தில், எதையும் பத்து மடங்காகக் கேட்டே பழகிப்போன ஒரு மன்னன் இருந்தான். ஒருமுறை அவனுக்குப் பிறந்தநாள் முரசின் மேல் ஆசை வந்தது. சென்ற ஆண்டு பத்து முரசுகள் முழங்கின. இந்த ஆண்டு சத்தம் அதைப்போல் பத்து மடங்கு கேட்க வேண்டும் என்றான். தளபதி கச்சிராயர் உடனே நூறு பேரைத் திரட்டினார். பத்துக்குப் பத்து நூறு, அவ்வளவுதானே என்று மீசையை முறுக்கிக்கொண்டார்.

நூறு முரசும் அதிர்ந்தன. மன்னன் முகம் சுளித்தான். இரண்டு மடங்குதான் கேட்கிறது, மீதி எங்கே என்று கேட்டான்.

கச்சிராயருக்கு அரசவை விகடகவி வேம்பனைக் கண்டாலே ஆகாது. காலையில் வேம்பன் முரசடிப்பவர்களைச் சிரிக்கவைத்துக் கை தளரச் செய்துவிட்டான் என்று பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டார். மன்னனும் நம்பினான். நாளை பொழுது சாய்வதற்குள் பத்து மடங்குச் சத்தத்தை வேம்பன் கேட்கவைக்க வேண்டும், தவறினால் நாட்டை விட்டே போகவேண்டும் என்று ஆணையிட்டான்.

வேம்பனின் மனைவிக்கு இது நிறைமாதம். அவளை எந்த வண்டியில் ஏற்றி எந்த ஊருக்குப் போவான்? அன்றைக்கு அவனுக்கு ஒரு விகடமும் வரவில்லை.

மறுநாள் காலை அவன் மன்னனைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்தான். சத்தம் இருமடங்காகும்போதெல்லாம் ஒரு கொட்டையைப் போடச் சொன்னான். வெளியே பத்து முரசுகள் தொடங்கின. பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இருபது, முப்பது, ஐம்பது என்று ஏறியும் மன்னன் கை அசையவில்லை. நூறாவது ஆள் சேர்ந்த பிறகுதான் ஒரு கொட்டை விழுந்தது.

வேம்பன் திரையை விலக்கினான். "மன்னா, தங்கள் காது ஆட்களை எண்ணுவதில்லை, சுழிகளைத்தான் எண்ணுகிறது. பத்துக்கு ஒரு சுழி, நூற்றுக்கு இரண்டு. சுழி ஒன்று கூடினால்தான் ஒரு கொட்டை விழும். இருட்டறையில் ஒரு விளக்கு ஏற்றினால் கண் கூசும்; ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே இன்னொன்றை ஏற்றினால் யார் பார்ப்பார்கள்?"

"அப்படியானால் பத்து மடங்குக்கு எத்தனை பேர் வேண்டும்?"

"ஆயிரம் பேருக்கு நான்கு மடங்கு, பத்தாயிரம் பேருக்கு எட்டு மடங்கு. பத்து மடங்குக்கு ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வேண்டும். நம் படையில் அத்தனை பேர்தான் இருக்கிறார்கள். தளபதியார் வேல்களை வாங்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு முரசைக் கொடுத்தால் போதும்."

கச்சிராயர் பதறிப்போய், எல்லையைக் காப்பது யார் என்று கத்தினார்.

"வேறு வழியும் உண்டு, மன்னா. ஏறுவதற்குப் பதில் இறங்குவோம்," என்றான் வேம்பன்.

அவன் கேட்டபடி, விளக்கு வைக்கும் வரை அரண்மனையில் மன்னனையும் வேம்பனையும் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாது என்று ஆணை போயிற்று. சமையற்கட்டில் உலக்கை நின்றது. யானையின் கழுத்து மணிக்குத் துணி சுற்றினார்கள். கச்சிராயர் இருமலைக்கூட விழுங்கினார். பாவம், அவருக்குத்தான் அது பெரும்பாடு. நேரம் போகப்போக மன்னனுக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. எறும்பு ஊர்ந்தால் கூடக் கேட்டுவிடும் போலிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவன் அரியணையிலேயே கண்ணயர்ந்தான்.

அப்போது வேம்பன் கையைக் காட்டினான். சென்ற ஆண்டின் அதே பத்துப் பேர், அதே பத்து முரசுகளை ஓங்கி அடித்தார்கள்.

மன்னன் ஒரு முழம் எகிறிக் குதித்தான். மகுடம் உருண்டோடிக் கச்சிராயர் காலடியில் போய் நின்றது.

"பத்து மடங்கு கேட்டதா, மன்னா?"

மன்னன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பத்தா? நூறு மடங்கு கேட்டது!" பட்டுச் சால்வையை வேம்பன் தோளில் போர்த்தி, பிள்ளை பிறக்கும்வரை அவன் மனைவிக்கு அரண்மனை மருத்துவச்சியைத் துணைக்கு அனுப்பினான். இன்னும் என்ன வேண்டும் என்றும் கேட்டான்.

"ஆண்டுக்கு ஒருநாள் இந்த மௌனம் தொடரட்டும், மன்னா. தளபதியாரிடமிருந்து தொடங்கட்டும்," என்றான் வேம்பன்.

மன்னன் மறுபடி சிரித்தான். கச்சிராயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆணை இன்னும் அமலில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு மகுடத்தை எடுத்து நீட்டினார்.