அவிழாத காப்பு

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, காட்டுநாச்சியின் கோயில்காட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் வேலை ஒச்சம்மாவுடையது. துடைப்பம் ஒரு பக்கம் போக, வாய் ஒரு பக்கம் போகும். அவளோடு வாயடிக்க ஒரு தூக்கணாங்குருவி இருந்தது. ஊர் வம்பு முழுக்க அதன் அலகில்தான் இருக்கும்.

அவளுடைய அண்ணன் கருத்தாண்டி அம்பலம் அந்த ஊருக்குத் தலைவர். புது வீடு கட்ட ஆசை வந்தது அவருக்கு. தூணுக்கென்று கோயில்காட்டு இலுப்பை மரங்கள் நாற்பதைக் குறித்துவிட்டார்.

ஒச்சம்மா அண்ணனிடம் ஓடினாள். அந்தக் காட்டு நிழலில்தான் ஊருணியில் தண்ணீர் நின்றது. ஊரே குடிக்கிற தண்ணீர்.

"மரம் போனா ஊருணி வத்திரும்ணே. நாச்சி பொறுக்க மாட்டா."

"நாச்சி கல்லுலதானே இருக்கா தாயி? கல்லத் தொட மாட்டேன். மரத்த மட்டும் எடுத்துக்கிறேன். அதுவும் உன் திருவிழா முடியட்டும்."

அம்பலம் கெட்டவர் இல்லை, சாமிக்குப் பயந்தவர்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை பச்சை மரத்தில் கோடாலி படக் கூடாது. கட்டிய கைதான் எட்டாம் நாள் அவிழ்க்க வேண்டும். இது ஊர் வழக்கம்.

வழக்கமாகக் காப்பைக் கல்லுக்குக் கட்டுவார்கள். நாச்சி கல்லில் மட்டும்தான் இருக்கிறாள் என்று யார் சொன்னது? இந்த வருடம் மரங்களுக்கே கட்டுவது என்று ஒச்சம்மா முடிவு செய்தாள். ஆனால் மஞ்சள் நூலைக் கையில் எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, கட்டலயா?" என்றது குருவி.

"நான் கட்டுனா, எட்டாம் நாள் அண்ணன் வந்து 'அவுத்துரு தாயி'ன்னு கேக்கும். பிறந்ததுலருந்து அண்ணன் பேச்சத் தட்டுனதில்ல. என் கைய எனக்கே நம்ப முடியலப்பா. நீ கட்டுறியா?"

"முடிச்சுப் போடுறது பெரிய காரியமா? ஆனா என்னையும் அவுக்கச் சொல்லுவாரே?"

"பேச்சு வெளங்குற வரைக்கும் சொல்லுவாரு."

"அப்ப எட்டாம் நாளுக்குள்ள இந்தப் பேச்சையே விட்டுரணும்" என்றது குருவி. பிறகு தன் கூட்டத்தையே அழைத்துவந்தது. பொழுது சாய்வதற்குள் காட்டின் ஒவ்வொரு மரத்திலும் மஞ்சள் நூல் ஏறியது. அலகால் போட்ட முடிச்சு.

எட்டாம் நாள் காலை கோடாலிக்காரர்களோடு வந்து நின்றார் அம்பலம்.

"அவுத்துரு தாயி."

"நான் கட்டலண்ணே. குருவிங்க கட்டுச்சு."

அவர் கிளையை அண்ணாந்து பார்த்தார். "ஏப்பா, கட்டுனது நீதானே? வந்து அவுத்துரு."

"சிட், சிட்" என்றது குருவி.

ஒரு படி தினையை மரத்தடியில் கொட்டினார். அதட்டினார். கெஞ்சியும் பார்த்தார். குருவி ஒச்சம்மாவை ஒருமுறை பார்த்தது. "சிட், சிட்" என்றது மறுபடியும். பிறகு குருவிகள் கூட்டமாகப் பறந்துபோய், யார் கையும் எட்டாதபடி, காட்டோரக் கிணற்றின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமர ஓலை நுனியில் கூடு கட்டத் தொடங்கின.

திருவிழா முடியவில்லை. அம்பலம் கோடாலியைக் கீழே போட்டார். வீட்டுக்கு மண் சுவரே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் ஊருணி நிறையத் தண்ணீர் நின்றது. ஒருநாள் குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள் ஒச்சம்மா.

"தம்பி, இங்க யாருமில்ல. ஒரே ஒரு வார்த்த பேசேன்."

கூட்டுக்குள்ளிருந்து குருவி எட்டிப் பார்த்தது. "சிட், சிட்" என்றது. ஒச்சம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி கிணற்றுக்கு மேலே, கைக்கு எட்டாமல் கூடு கட்டுகிறது. எவ்வளவு கேட்டாலும் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. காட்டுநாச்சியின் காட்டில் வருடாவருடம் காப்புக் கட்டுகிறார்கள், இன்றுவரை அவிழ்த்ததில்லை.