ஒரு அடி பின்னாடி

காசிமேட்டு ஃபுட்பால் டீமுக்கு ஆர்மிண்டோன்னு ஒரு மாஸ்டர் இருந்தாரு. போர்ச்சுகல்காரரு. அவங்க ஊர்ல ரொம்ப வருஷம் டிஃபென்டரா ஆடினவரு. முட்டி போச்சு, அதனால கோச் ஆனேன்னு சொல்லுவாரு. தமிழை கிரவுண்டுலயே கத்துக்கிட்டதால எல்லாரும் அவருக்கு நைனாதான், ரெஃப்ரி உட்பட.

அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவரு ராயப்பன். நாப்பது வயசு, அசிஸ்டென்ட் கோச். டீம் ரெண்டு கோல் வாங்கித் தோத்த மறுநாள் காலையில, மாஸ்டர் கோல் போஸ்ட்ல கிழிஞ்ச வலையைக் கட்டிட்டு இருந்தாரு. ராயப்பன் பக்கத்துல வந்து நின்னாரு.

"மாஸ்டர், டில்லி வித்துட்டான்."

"எதை?"

"மேட்சை."

டில்லி லெஃப்ட் பேக், பின்னாடி நின்னு கோலைத் தடுக்கிற நாலு பேர்ல ஒருத்தன். வர்ற ஞாயித்துக்கிழமை அவன் ஆட்டத்தைப் பாக்க ஒரு கவர்ன்மென்ட் டிபார்ட்மென்ட் டீம்ல இருந்து வர்றாங்க. புடிச்சா வேலை.

"பின்னாடி நாலு பேரும் ஒண்ணா முன்னாடி ஏறினாதான் அவங்க ஃபார்வர்டு ஆஃப்சைடுல மாட்டுவான், கோல் செல்லாது. மூணு பேர் ஏறிட்டாங்க. இவன் மட்டும் ஒரு அடி பின்னாடி நிக்கிறான். ரெண்டு கோலும் அப்படித்தான்."

"ம்."

"புது ஷூ போட்டிருக்கான்."

"பாத்தேன். ஒரு மழைக்குத் தாங்காது. காசு வாங்கினவன் அதையா வாங்குவான்?"

"மேட்சுக்கு முன்னாடி போன்ல பேசிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் வச்சுட்டான்."

"உன்னைப் பாத்தா நானும் வச்சிருப்பேன், நைனா."

ராயப்பன் சிரிக்கல.

"இவனை நம்பித்தான் மாஸ்டர், பக்கத்துல ஆடுற ஸ்டாப்பர் மோசஸ் மேல ஒரு கண்ணு வைடான்னு சொல்லி வச்சிருந்தேன். மோசஸ் மேல எனக்கு ஒரு டவுட்டு. கடைசியில பாத்தா இவனே."

"மோசஸ் மேல கண்ணு வச்சானா?"

"மேட்ச் பூரா வச்சேன்னுதான் சொல்றான். யாரு கண்டா. ஞாயித்துக்கிழமை இவனை உக்கார வைக்கணும். டிபார்ட்மென்ட்காரங்க கேட்டா காரணத்தையும் சொல்லிடணும்."

"சொன்னா?"

"அப்புறம் எவனும் எடுக்க மாட்டான்."

மாஸ்டர் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்தாரு.

"எங்க ஊர்லயும் ஒரு டிஃபென்டரை இப்படித்தான் சொன்னாங்க. நேரா எவனும் கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லிருப்பான். அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் போடல."

"அவன் வித்தானா?"

"இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

ராயப்பன் அவரு முட்டியைப் பாத்தாரு. அவரு ஆட்டத்தை விட்டதுக்கு முட்டிதான் காரணம்னு இத்தனை வருஷமா நம்பிட்டு இருந்தாரு. இப்ப மாஸ்டர் மேலயும் லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு.

"இன்னிக்கு பிராக்டிஸ்ல டில்லி பக்கத்துல நீ ஆடு," ன்னாரு மாஸ்டர். "கிட்ட இருந்தே பாரு."

ராயப்பன் ஷூ மாட்டிட்டு எறங்கினாரு. எதிர்ல ஃபார்வர்டு அஸ்லம். ஆஃப்சைடுன்னா தூக்குற கொடியோட மாஸ்டர் ஓரத்துல நின்னாரு. மோசஸ் "ஏறு"ன்னு கத்தினான். பந்து பின்னாடி வந்துச்சு, அஸ்லம் கோல் அடிச்சான்.

ராயப்பன் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டாரு. கொடி எழும்பல.

மறுபடியும் அதே. ராயப்பன் டில்லியோட கால்ல இருந்து கண்ணை எடுக்கல. மறுபடியும் கோல்.

"அண்ணே, இப்படியே ஆடுங்க," ன்னான் அஸ்லம். "ஞாயித்துக்கிழமை என்னையும் எடுத்துப்பாங்க."

ராயப்பன் மூச்சு வாங்கிட்டு ஓரத்துக்கு வந்தாரு.

"பாத்தீங்களா மாஸ்டர்? பின்னாடி நின்னுட்டான்."

"டில்லி சத்தம் கேட்டதும் ஏறிட்டான்."

"அப்ப மோசஸ்."

"அவனும் ஏறிட்டான்."

"பின்ன யாரு?"

மாஸ்டர் கொடிக் குச்சியால தரையைக் காட்டினாரு. ஈர மண்ணுல மூணு பேரு தடம் ஒரே கோட்டுல இருந்துச்சு. நாலாவது தடம் ஒரு அடி பின்னாடி. ராயப்பன் குனிஞ்சு பாத்தாரு. தன் ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாத்தாரு.

"அவனைக் கவனிச்சிட்டு இருந்தேன் மாஸ்டர். அதுல ஏறத் தாமசமாயிடுச்சு."

மாஸ்டர் கொடியைச் சுருட்டினாரு.

"அது இருக்கட்டும் நைனா. உனக்கு எவ்ளோ குடுத்தாங்க?"