சடையனின் முன்பல்

கரட்டுமலைக் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. வயதான கரடி. மோவாயில் முடி நரைத்துவிட்டது. நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். ஆனாலும் தன்னை இளந்தாரி என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. காட்டில் கண்ணாடி கிடையாது அல்லவா, அப்படி நினைப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

ஒரு நாள் காலையில் சடையன் சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. காற்றே இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. குடிப்பதற்கு முன் சடையன் பெரிய கொட்டாவி ஒன்று விட்டது. தண்ணீருக்குள் இருந்த கரடியும் கொட்டாவி விட்டது. அதன் மேல்வாயில், நட்டநடுவே, இரண்டு பற்களைக் காணோம்!

"ஐயோ! என் பல்லு!" என்று அலறியது சடையன்.

அதன் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த மைனா பதறி எழும்பியது. மைனாவின் பெயர் குப்பாயி. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

"என்னண்ணே ஆச்சு?"

"முன்பல்லு ரெண்டையும் காணோம், குப்பாயி!"

"எப்ப விழுந்துச்சு?"

"தெரியலையே!"

"விழறப்ப ரத்தம் வந்துச்சா?"

"இல்லையே!"

"வலிச்சுச்சா?"

"வலி இருக்கு. ஆனா அது இடது கடைவாய்ல. தேன் பட்டா உயிர் போகுது."

குப்பாயி தலையைச் சாய்த்து யோசித்தது. "முன்பல்லு விழுந்தா கடைவாய் எதுக்கு வலிக்குது?"

"வயசானா அப்படித்தான்! கேள்வி கேக்காம தேடு!"

இரண்டும் தேடின. சடையன் படுக்கும் குகையில் தேடின. பாறை இடுக்கில் தேடின. முந்தின நாள் கிளறிப்போட்ட கரையான் புற்றைத் திரும்பவும் கிளறித் தேடின. பல் கிடைக்கவில்லை. ஒரு பழைய நத்தை ஓடுதான் கிடைத்தது.

இத்தனை வருடம் கவலைப்படாத சடையன் இப்போது ஏன் இப்படித் துடிக்கிறது? அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் இலுப்பைப் பூ உதிரும் காலத்தில், எதிர்மலையிலிருந்து செவந்தி என்ற பெண்கரடி வந்தது. அதற்கும் வயது கொஞ்சமில்லை. விடிவதற்கு முன்னே, அரை இருட்டில், மரத்துக்கு இந்தப் பக்கம் சடையனும் அந்தப் பக்கம் செவந்தியும் நின்று பூப் பொறுக்கித் தின்றன. போகும்போது செவந்தி, "அடுத்த வருஷமும் வருவேன். இருப்பீங்களா?" என்று கேட்டது. "இருப்பேன்" என்றது சடையன். அன்றிலிருந்து அது செவந்தி சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டியது. குட்டியில் தாயைப் பிரிந்த நாள் முதல் தனியாகத் திரிந்த கரடி அது. இன்னொரு கரடியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. தனியாகவே கிழடாகிச் சாவதை நினைத்தால் அதற்குப் பயமாக இருந்தது.

"இந்த ஓட்டை வாயோட அவ முன்னால எப்படிச் சிரிப்பேன்?" என்றது சடையன்.

"முள்ளம்பன்றி வைத்தியரைப் பார்க்கலாம் வாங்க!" என்றது குப்பாயி.

ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி மலையடிவாரத்து வளையில் குடியிருந்தது. வளை முழுக்க எலும்பும் கொம்பும் கிடக்கும். பொழுது போகாவிட்டால் அதைத்தான் கொறித்துக்கொண்டிருக்கும். பல்லில் என்ன கோளாறு என்றாலும் காட்டில் எல்லோரும் அதனிடம்தான் வருவார்கள்.

ஊசியப்பன் ஒரு முள்ளை எடுத்துச் சடையனின் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. இடது கடைவாய்க்கு வந்ததும் சடையன் துள்ளிக் குதித்தது.

"ஐயா, இங்கே ஒரு பல்லு சொத்தை. குழி நல்லா ஆழமா இருக்கு. எத்தனை வருஷத்துத் தேன் உள்ளே போயிருக்கோ! முதல்ல இதைச் சுத்தம் பண்ணி அடைச்சிடுவோம்."

"அதை யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க? முன்னால அடைங்க வைத்தியரே!"

"இது சீழ் பிடிச்சா..."

"முன்னால! ரெண்டு பல்லு! வெள்ளை வெளேர்னு இருக்கணும்!"

குப்பாயி குறுக்கே புகுந்தது. "வைத்தியரே, அந்த இடத்துல ஈறு வழுவழுன்னு இருக்கே? பல்லு விழுந்த குழியே காணோமே, ஏன்?"

நல்ல கேள்வி. ஆனால் சடையன் ஒரு முறை முறைத்தது. ஊசியப்பனுக்கு வந்தவர் கேட்டதைச் செய்துகொடுத்துத்தான் பழக்கம். அதுவும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. ஒரு கடமான் கொம்பை எடுத்துக் கொறித்துக் கொறித்து இரண்டு பற்கள் செய்தது. மணலில் தேய்த்து மெருகேற்றியது. வேங்கைப் பிசினும் அரக்கும் குழைத்துச் சடையனின் மேல்வாயில் அழுத்தி ஒட்டியது.

உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை பிரமாதம். சடையன் சுனைக்கு ஓடிப்போய் முன்னால் நின்று சிரித்தது, பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தது, ஒன்றும் தெரியாததுபோல் போய்விட்டுத் திரும்பி வந்து சிரித்தது.

"அடேயப்பா, மாப்பிள்ளை மாதிரியில்ல இருக்கீங்க!" என்று மரத்திலிருந்த குரங்குகள் கைதட்டின.

அந்தப் பெருமையோடு சடையன் கரையான் தின்னப் போனது. புற்றை நகத்தால் இடித்தது. மண்ணை ஊதித் தள்ளுவதற்காக மூச்சை இழுத்து ஊதியது. 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வந்தது. சரி போகட்டும் என்று உதட்டைக் குவித்துப் புற்றில் வைத்து உறிஞ்சியது. எப்போதும் அது உறிஞ்சினால் 'சர்ர்ர்' என்று பக்கத்துப் பள்ளம்வரை சத்தம் கேட்கும், கரையான் கூட்டம் கூட்டமாக வாய்க்குள் வந்து விழும். இப்போது சத்தமும் இல்லை, கரையானும் இல்லை. உதட்டில் மண்தான் ஒட்டியது.

"என் பல்லைப் பார்த்துக் கரையான்கூடப் பயந்து ஓடுது!" என்றது சடையன்.

"உள்ளே அப்படியே நெளியுதே அண்ணே! இங்கிருந்தே தெரியுது. ஏன் வர மாட்டேங்குது?"

"வாயை மூடு!"

அடுத்த புற்றிலும் அதே கதைதான். தேன் குடிக்கலாம் என்றால் கடைவாய் தெறித்தது. பழத்தைக் கடித்தாலும் தெறித்தது. தண்ணீரும் கிழங்குச் சாறுமாகச் சடையன் நாளை ஓட்டியது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. இடது கன்னம் வீங்கியது. ஆனால் யார் எதிரே வந்தாலும் பல்லைக் காட்டிச் சிரிக்க மட்டும் அது தவறவில்லை. அப்படி ஒரு வைராக்கியம்!

இலுப்பை பூத்தது. காடெல்லாம் மணந்தது. ஒரு விடியற்காலையில் குப்பாயி பறந்து வந்து, "அண்ணே! வந்துட்டாங்க!" என்று கூவியது.

சடையன் இடுப்பு வலியையும் மறந்து ஓடியது. மரத்தடியில் செவந்தி நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது.

"இருக்கீங்களா!" என்றது செவந்தி. குரலில் அவ்வளவு சந்தோஷம். "பக்கத்துல பெரிய புற்று ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு" என்று உதட்டை இறுக்கிக்கொண்டு சொன்னது சடையன். அதன் வயிறோ முதுகோடு ஒட்டியிருந்தது.

செவந்தி புற்றை இடித்தது. ஊதியது. 'சர்ர்ர்' என்று உறிஞ்சியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சடையனுக்கு வாயில் எச்சில் ஊறியது, கண்ணில் நீரும் ஊறியது. ஆனாலும் இதுதான் சமயம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தது.

செவந்தி திடுக்கிட்டுப் பின்வாங்கியது. பிடரி முடி சிலிர்த்தது.

"யாரு நீ?"

"நான்தான்! சடையன்!"

"பொய்! கரடிக்கு ஏது இங்கே பல்லு? கரடித்தோல் போர்த்துக்கிட்டு வந்த வேற ஏதோ மிருகம் நீ!"

செவந்தி திரும்பி எதிர்மலைப் பக்கம் வேகமாக நடந்தது. சடையன் கூப்பிட வாயெடுத்தது. கடைவாயில் ஒரு வெட்டு வெட்டியது. பட்டினி கிடந்த கால்கள் மடங்கின. இலுப்பைப் பூக்களின் மேலேயே அது சாய்ந்து விழுந்தது.

 செவந்தி சொன்ன வார்த்தை குப்பாயியைக் குடைந்தது. அது பறந்துபோய்ச் செவந்தியின் முன்னால் இறங்கியது.

"அக்கா, அக்கா! ஒரே ஒரு தடவை வாயைத் திறங்களேன்!"

"எதுக்கு?"

"சும்மா பார்க்கணும்!"

செவந்திக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தது. மேல்வாயில், நட்டநடுவே, இரண்டு பல்லுக்கான இடம் காலியாக இருந்தது!

"உங்களுக்கும் விழுந்துட்டுதா?" என்றது குப்பாயி.

"விழறதா? முளைச்சாத்தானே விழறதுக்கு! எங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான். அவங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான். அது வழியாத்தானே கரையானை உறிஞ்சறோம்!"

"அப்படிப் போடுங்க!" என்று கூவிய குப்பாயி, சுனையில் கொட்டாவி விட்டது முதல் கொம்புப் பல் ஒட்டியதுவரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னது. "எல்லாம் உங்க முன்னால சிரிக்கணும்னுதான் அக்கா!"

செவந்தி திரும்பி ஓடிவந்து சடையனின் தலையைத் தன் முன்னங்கால்களுக்கு இடையே எடுத்து வைத்துக்கொண்டது. குப்பாயி வைத்தியரை அழைத்து வரப் பறந்தது.

ஊசியப்பன் வந்து கொம்புப் பற்களை முதலில் நெம்பி எடுத்தது. "அந்த இடம் எதுக்கு இருக்குன்னு நான் கேட்டிருக்கணும். தப்பு என் பேரிலயும் இருக்கு" என்றது. பிறகு கடைவாய்க் குழியைச் சுத்தமாகக் குடைந்தெடுத்தது. சடையன் போட்ட சத்தத்தில் குரங்குகள் இரண்டு மரம் தாண்டிப் போயின. சீழ் வடிந்து வீக்கம் இறங்க இரண்டொரு நாள் ஆயிற்று. அதன்பின் ஊசியப்பன் ஆலம்பால் தடவி, பிசினும் மெழுகும் வைத்துக் குழியை இறுக்கமாக அடைத்தது. கடைசியில் வேப்பங்குச்சியை மென்று, சடையனின் பழுப்பேறிய மற்ற பற்களையும் தேய்த்துவிட்டது.

"இது எதுக்கு?" என்றது குப்பாயி.

"இது அழகுக்கு. வேலை முடிஞ்சப்புறம் அழகு பார்த்தா என்ன தப்பு?" என்றது ஊசியப்பன்.

சடையன் தள்ளாடி எழுந்து புற்றில் உதட்டை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. 'சர்ர்ர்!' பக்கத்துப் பள்ளத்தில் படுத்திருந்த மான்கள் காதை நிமிர்த்தின. சடையன் தின்றது, தின்றது, மூச்சு முட்டத் தின்றது.

பிறகு வெட்கத்தோடு செவந்தியைப் பார்த்தது. "நான் இப்படித்தான் இருக்கேன்" என்று ஓட்டை தெரியச் சிரித்தது.

"இப்படி இருந்தாத்தானே என்கூட உக்காந்து சாப்பிட முடியும்!" என்று செவந்தியும் ஓட்டை தெரியச் சிரித்தது. அந்த வருடம் இலுப்பைப் பூக் காலம் முடிந்த பிறகும் அது எதிர்மலைக்குத் திரும்பிப் போகவில்லை.

கொம்புப் பற்கள் இரண்டும் என்னவாயின என்று குப்பாயி கேட்டது. மத்தியானப் பசிக்கு ஊசியப்பன் கொறித்துவிட்டதாம்.

ஊர் பார்க்கும் குறையைச் சரிசெய்யும் முன் உள்ளே வலிக்கும் குறையைச் சரிசெய். குறை என்று நினைப்பது உண்மையிலேயே குறைதானா என்று அதற்கும் முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்.