ஒப்படைக்கும் முறை

“ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா, தன் பிள்ளை தானா வளருமாம்.”

“தன் பிள்ளையே இல்லாதவ என்ன பண்ணுவா?”

“ஊட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

பேருந்தின் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிச் சிரித்தார்கள். யாரைப் பற்றி என்று தெரியவில்லை. பூவாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மடியில் ஆறு வயதுச் செவந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். காலடியில் குழந்தையின் துணிப்பை இருந்தது.

மலையடிவாரத்தில் இறங்கி இருவரும் மடத்துக்கு நடந்தார்கள்.

மடத்தை நடத்தும் மங்கையம்மை, பூவாத்தாளைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவளுக்குத் தீட்சை கொடுத்தவர். பூவாத்தாள் அவரை அம்மா என்றுதான் அழைப்பாள். கரும்பு வெட்டப் போன தாயிடமிருந்து சேதி வரும்வரை வைத்திருங்கள் என்று, பதினோரு மாதத்துக்கு முன் செவந்தியைக் கையில் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மங்கையம்மை கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். குழந்தை முற்றத்துக்குப் போய்விட்டது.

“என்னால முடியலீங்க அம்மா.”

“உட்காருங்க அக்கா.”

“கூட்டிட்டு வந்துட்டேன். துணியெல்லாம் துவைச்சு எடுத்து வெச்சிருக்கேன்.”

மங்கையம்மை உரிப்பதை நிறுத்தவில்லை.

“பிள்ளைக்கு நோவா?”

“இல்லீங்க.”

“அடம் பிடிக்கிறாளா?”

“அது பரவாயில்லீங்களே. பதினோரு மாசமா என்னை வீட்டுக்காரம்மான்னு கூப்பிடுறா. அம்மான்னு கூப்பிடு கண்ணுன்னேன். சரிங்க வீட்டுக்காரம்மாங்கிறா.”

மங்கையம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூவாத்தாளுக்கு வரவில்லை.

“மூணு வேளையும் வயிறு நிறையப் போடுறேன். அப்படியும் சோத்தை எடுத்து ஒளிச்சு வெக்கிறா. தலையணைக்கு அடியில, பள்ளிக்கூடப் பையில. ஊசிப்போய் நாறுது. எறும்பு மொய்க்குது. கழுவிக் கழுவி ஓஞ்சுட்டேன். எங்க வீட்டுல என்ன பஞ்சமா?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“தாய்மைன்னு ஒண்ணு எனக்கு வராதுங்க அம்மா. வர்றதா இருந்தா இத்தனை நாள்ல வந்திருக்கும்.”

“சரி,” என்றார் மங்கையம்மை. “விட்டுட்டுப் போங்க.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று பூவாத்தாள் நினைக்கவில்லை. மெதுவாக எழுந்தாள்.

“முறை இருக்கே அக்கா.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பசுவானாலும் பிள்ளையானாலும், ஒப்படைக்கிறவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வளர்க்கப் போகிறவருக்காக அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள்.

பூவாத்தாள் மறுபடி உட்கார்ந்தாள். மங்கையம்மை கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார்.

“எப்படித் தூங்குவா?”

“சுவரோரமா. சுவத்துல ஒரு கால் படணும். பட்டாத்தான் தூக்கம் வரும்.”

“எதுக்குப் பயப்படுவா?”

“குக்கர் சத்தத்துக்கு. அவ பள்ளிக்கூடம் போனப்புறம்தான் நான் பருப்பு வேக வெப்பேன்.”

“காய்ச்சல் வந்தா?”

“சொல்ல மாட்டா. வெயில்ல போய் உட்காந்துக்குவா. நாமதான் தொட்டுப் பார்க்கணும். மாத்திரையை வாழைப்பழத்துல வெச்சா முழுங்கிருவா. தேன்ல குடுத்தா துப்பிருவா.”

“பொய் சொல்வாளா?”

“சொல்வா. சொல்றப்ப கை காதுக்குப் போயிரும். நாம கண்டுபிடிச்சுட்டோம்னு காட்டிக்கக் கூடாதுங்க. அதை எழுதிக்குங்க. காட்டினா மூணு நாள் பேச மாட்டா.”

மங்கையம்மை எழுதிக்கொண்டார். கேள்வி நின்ற பிறகும் பூவாத்தாள் சொல்லிக்கொண்டே போனாள். தலைக்கு ஊற்றும்போது இடது காதில் பஞ்சு வைக்க வேண்டும். கூட்டல் சொல்லிக் கொடுக்கப் புளியங்கொட்டை வேண்டும், விரல் விட்டு எண்ண மாட்டாள். செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவாள், திருத்த வேண்டாம், பள்ளிக்கூட வாசலில் அவளே மாற்றிக்கொள்வாள்.

நோட்டில் பக்கம் திரும்பியது.

“சோத்தை யாருக்காக ஒளிச்சு வெக்கிறா?”

பூவாத்தாள் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியலீங்க.”

“கேட்கலையா?”

“திட்டியிருக்கேன். கேட்டதில்லை.”

மங்கையம்மை பேனாவைக் கீழே வைத்தார்.

“பாதி ஒப்படைப்பை வாங்கிக்கிறது முறையில்லை அக்கா. கேட்டுட்டு வாங்க.”

மொச்சையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

செவந்தி முற்றத்தில் குந்தி, மண்ணில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது.

“செவந்தி.”

“என்னங்க வீட்டுக்காரம்மா?”

“சோறு எடுத்து வெக்கிறியே. அது யாருக்கு?”

குழந்தையின் கை காது வரைக்கும் போனது. பிறகு இறங்கியது.

“எங்கம்மாவுக்கு.”

குழந்தை மண்ணில் ஒரு கோடு இழுத்தது.

“கரும்பு வெட்டிட்டுப் பசியோடதான் வரும். நான் மட்டும் தின்னுபோட்டு உட்காந்திருந்தா?”

இன்னொரு கோடு இழுத்தது. பிறகு தானாகவே சொன்னது:

“அது வர்றதுக்குள்ள ஊசிப்போயிருது.”

கூடத்தில் நோட்டு விரித்தபடியே இருந்தது. பூவாத்தாள் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

“ஊசிப்போகாததா நம்ம வீட்டுல எடுத்து வெப்போம். உங்கம்மாவுக்கு அவல் பிடிக்குமா, பொரி பிடிக்குமா?”

“பொரி. வெல்லம் கடிச்சுக்கிட்டுத் தின்னும்.”

பூவாத்தாள் கையை ஊன்றி எழுந்தாள். மடத்துக்கு எதிரில் இருந்த கடைக்குப் போய்ப் பொரியும் வெல்லமும், திருகு மூடி போட்ட ஒரு டப்பாவும் வாங்கி வந்தாள். டப்பாவைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, ஈரம் போகும்வரை காத்திருந்தாள். பொரியைக் கொட்டினாள். வெல்லத்தைக் காகிதத்தோடு மேலே வைத்தாள். செவந்தியின் கையை மூடிமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, நமுத்துப் போகாதபடி இறுக்கித் திருகக் கற்றுக்கொடுத்தாள்.